புலம்பெயர வேண்டின் எந்நாடு? – பின்னலாடை மண்ணிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

புலம்பெயர்தல் மாந்த இனத்தின் வரலாற்றோடு ஒட்டிப் பிறந்ததாகும். மழை பொய்த்தபோதும், பகை சூழ்ந்தபோதும், பொருள் வேண்டியபோதும் மனிதன் பிறந்த மண்ணைப் பிரிந்து சென்றுள்ளான். தமிழனும் இதற்கு விலக்கல்லன். ஆயினும் பிரிவின் துயரை இத்துணை விரிவாகப் பாடிய நம் இலக்கியம், "செல்வதாயின் எங்குச் செல்வது?" என்னும் வினாவை அத்துணை விரிவாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. அவ்வினாவைத் திருப்பூர் வட்டாரத்தில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரை பிறந்த கதையையும் ஈண்டுச் சொல்லிவிடுவது நன்று. இளங்கலை இறுதியாண்டு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சிக்காகத் தலைப்பொன்று தந்தோம். "தாய்நாட்டை விட்டுக் குடிபெயர்ந்தே ஆகவேண்டும் என்னும் நிலை வந்தால் எந்நாட்டைத் தேர்வீர்? ஏன்?" என்பது அத்தலைப்பு. நம் மாணவர் பெரும்பாலும் பனியன் கம்பெனிகளில் உழைப்போரின் பிள்ளைகள். பலர் துபாய் என எழுதினர். சிலர் கனடா என்றனர். சிங்கப்பூர் என்றோர் அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருப்பதைக் காரணங்காட்டினர். தமிழ்த்துறையினராகிய நாம் அது கண்டு மகிழ்ந்தோம். மாணவி ஒருவர் மட்டும் மூன்றே வரிகளில் விடையை முடித்திருந்தார். எந்நாடாயினும் சரி, சவூதி மட்டும் வேண்டா, அது எங்கள் அத்தாவை எடுத்துக்கொண்டுவிட்டது என்பது அவ்விடையின் சாரம். அவர் தந்தை இறந்துவிட்டாரோ என்று அஞ்சி வினவினோம். "இல்லை ஐயா, நலமாக இருக்கிறார். நான் பிறப்பதற்கு முன்பே போனவர். இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவார்" என்றார். அவ்விடைத்தாளுக்கு நாம் மதிப்பெண் இடவில்லை. எவ்வாறு இடுவது என்று விளங்கவில்லை.

தமிழ் மரபில் கடல் கடந்த பிரிவு

தலைவன் ஓதற்கும், பகைமேற்கும், தூதிற்கும் பிரிவான் என வகுத்த தொல்காப்பியர், பொருள்வயிற் பிரிவையும் ஏற்றுக்கொண்டார். கடல் கடந்து செல்லுங்கால் பெண்டிரோடு செல்லும் வழக்கம் இல்லை என்று பொருள்படும் நூற்பா ஒன்றும் அகத்திணையியலில் உண்டு. அதற்கு வேறு வகையாக உரை காண்பாரும் உளர்; அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. ஆடவன் தனியே செல்வான், மனை காத்திருக்கும் என்பது மிகப் பழைய ஏற்பாடு என்பதே நாம் கொள்ளத்தக்கது. காவிரிப்பூம்பட்டினத்தின் வாணிகச் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலையின் தலைவன், காதலியைப் பிரிந்து வாரேன் என்றுதான் பாட்டை முடிக்கிறான். தலைவன் செல்லாமல் நிற்பதே அப்பாட்டின் கருத்து என்பதை மாணவர் பலர் மறந்துவிடுகின்றனர்.

தமிழ் முஸ்லிம்களின் பேச்சுவழக்கில் 'சபர்' என்றொரு சொல் வழங்குகிறது. பயணம் என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. கடற்கரை ஊர்களில் அது வெறும் பயணத்தைக் குறிப்பதன்று. பொருளீட்ட அயல்நாடு சென்று பல்லாண்டு தங்குதலைக் குறிக்கும். அவ்வாறு சென்றவர் 'சபராளி' ஆவார். பர்மா சபர், மலாயா சபர், பின்னர் வளைகுடா சபர் எனத் தலைமுறைதோறும் நாடு மாறியது. சொல் மாறவில்லை. அச்சொல்லில் 'குடியேறல்' என்னும் கருத்து இல்லை என்பதை ஆய்வாளர் கருதிப் பார்க்க வேண்டும். சபராளி என்றாவது ஒருநாள் திரும்பி வருபவர் என்பதே அதன் உட்கிடை.

நீதியை அளவுகோலாகக் கொண்ட தேர்வு

நாட்டைத் தேர்ந்து புலம்பெயர்ந்த வரலாற்றில் நாம் நன்கு அறிந்த ஒன்று கி.பி. 615-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது. மக்காவில் கொடுமைக்குள்ளான நபித்தோழர் சிலரை அபிசீனியாவுக்குச் செல்லுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்நாடு செல்வம் மிக்கது என்பதோ, சமயத்தால் ஒன்றியது என்பதோ அதற்குக் காரணமாகக் கூறப்படவில்லை. அந்நாட்டு மன்னரின் ஆட்சியில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே காரணம். மன்னர் நஜ்ஜாஷி கிறித்துவர். அடைக்கலம் புகுந்தோரைத் திருப்பி அனுப்புமாறு மக்காவின் தூதுவர் பரிசில்களோடு வந்து கேட்டபோது, அவர் இருதரப்பையும் விசாரித்தார், ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் உரையைக் கேட்டார், பரிசில்களைத் திருப்பியனுப்பினார். வந்தவனுடைய வழக்கைக் கேட்க ஓர் அவை உண்டா என்பதே அன்று பார்க்கப்பட்ட அளவுகோல்.

உணர்ச்சியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நேர்வது யாது என்பதற்கும் சான்று உண்டு. 1920-ஆம் ஆண்டில் கிலாபத் கிளர்ச்சியின்போது, சிந்திலிருந்தும் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்தும் பல்லாயிரம் முஸ்லிம்கள் நிலபுலன்களை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஆப்கானிஸ்தானுக்குப் புறப்பட்டனர். தம்மவர் நாடு தம்மை ஏற்கும் என நம்பினர். தொடக்கத்தில் வரவேற்ற அந்நாடு அத்துணைப் பேரைத் தாங்க இயலாமல் ஆகஸ்டு மாதமே வருகையை நிறுத்திவிட்டது. திரும்பும் வழியில் மாண்டோர் பலர். மீண்டோர்க்கு நிலம் இல்லை. சமயம் ஒன்று என்பதும் மொழி ஒன்று என்பதும் நல்ல துணைகளே. ஆயின் அவை சட்டத்திற்கு ஈடாகா.

பர்மா தந்த பாடம்

தமிழர் சென்ற நாடுகளுள் பர்மாவைப் போல் அள்ளித் தந்ததும் இல்லை, அதனைப் போல் பறித்ததும் இல்லை எனலாம். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். நாட்டுக்கோட்டை நகரத்தார் கடன் கொடுத்து வாங்கும் தொழில் நடத்தினர். தமிழ் முஸ்லிம்கள் கடைகள் வைத்தனர். கூலியாட்கள் நெல்வயலிலும் துறைமுகத்திலும் உழைத்தனர். உலகப் பொருளாதார மந்தத்தின்போது உழவர் கடனைத் திருப்பித் தர இயலாமையால் அடகு நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி நிலம் அவர்கள்பால் இருந்தது. நிலத்தை இழந்த உழவனின் நெஞ்சில் எத்தகைய நெருப்பு மூண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1930-இலும் 1938-இலும் இரங்கூனில் இந்தியர்க்கு எதிரான கலவரங்கள் வெடித்தன.

1942-இல் சப்பானியர் படையெடுத்தபோது ஏறத்தாழ 5 இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு ஓடினர். கப்பலில் இடம் கிடைத்தோர் சிலரே. ஏனையோர் அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்கும், தமு வழியாக இம்பாலுக்கும் கால்நடையாகவே வந்தனர். பசியாலும் காலராவாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். வெள்ளையர்க்கு ஒரு வழியும் ஏனையோர்க்கு வேறொரு வழியும் வகுக்கப்பட்டன என்பது அன்றைய ஆட்சியின் இழிவைக் காட்டும்.

வியப்பு யாதெனில், போர் முடிந்ததும் பலர் திரும்பவும் அங்கேயே சென்றதுதான். விட்டுவந்த கடையும் வீடும் அழைத்தன போலும். 1962-இல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. 50, 100 கியாத் பணத்தாள்கள் செல்லாதவை ஆயின. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 3 இலட்சம் இந்தியர் வெளியேறினர். ஈட்டிய பொருளை எடுத்துவரவும் இசைவு கிடைக்கவில்லை. சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே பர்மா பஜார் தோன்றிய வரலாறு இதுவே. தமிழகத்து ஊர்கள் பலவற்றில் 'பர்மா காலனி' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

பர்மாவில் நம்மவர் செய்த தவறு யாது என்று கேட்போர் உண்டு. தவறு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் குடியுரிமை பெறாமல் நிலம் பெற்றதும், அந்நாட்டாரின் துயரில் பங்கு கொள்ளாமல் அவர்தம் கடனில் மட்டும் பங்கு கொண்டதும் அவர்களைத் தனிமைப்படுத்தின. செல்வம் வரும் வழி உள்நாட்டாரின் இழப்பாக இருக்குமாயின், அத்தொழிலும் அந்நாடும் நெடுநாள் நிலையா.

இலங்கையும் மலாயாவும்

பர்மாவில் பறிபோனது பொருள். இலங்கையில் பறிபோனது குடியுரிமை. தேயிலைத் தோட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர், விடுதலை பெற்ற அதே 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். தந்தை இலங்கையில் பிறந்தார் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்றது சட்டம். தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாடு கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974-இல் மற்றோர் உடன்பாடு தேவைப்பட்டது. அவர்களுள் எவரையும் எந்நாடு வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டு எண்ணிக்கை வகுக்கவில்லை. திரும்பி வந்தோரிற் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். வேறு சிலர் நூற்பாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். தாயகம் என்று சொல்லி அனுப்பப்பட்ட ஊரில் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றே அழைத்தோம். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியேதான் குடியுரிமை கிடைத்தது.

மலாயாவின் கதை சற்று வேறு. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் சூலியா எனப்படும் ஜாமிஆ பள்ளிவாசலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ் முஸ்லிம்கள் அங்கு வேரூன்றினர் என்பதைக் காட்டுவன. இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தமிழரை இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் சயாம் – பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் சென்றனர், பல்லாயிரவர் மீளவேயில்லை. அப்போர்க்காலத் தென்கிழக்காசியத் தமிழரின் வாழ்வைப் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' புதினத்தில் மாணவர் படித்தறியலாம். 1957-இல் மலாயா விடுதலை பெற்றபோது குடியுரிமை பெறும் வாயில் திறந்தது. பெற்றுக்கொண்டவர்தம் பேரர்கள் இன்று அந்நாட்டுக் குடிகள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அங்கு இயங்குகின்றன. அன்று விண்ணப்பிக்காதோர் சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுளைக் கழித்தனர். எழுதப் படிக்கத் தெரியாமையே பலர்க்குத் தடையாயிற்று. ஒரு விண்ணப்பத் தாள் மூன்று தலைமுறையின் வாழ்வைத் தீர்மானித்திருக்கிறது.

வளைகுடா

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் திறந்தது வளைகுடாவின் வாயில். அந்நாடுகளால் நம் சமுதாயம் பெற்ற நன்மையை மறைத்தல் நன்றிகொன்றலாகும். ஓட்டு வீடுகள் மாடிவீடுகள் ஆயின. பெண்மக்கள் கல்லூரிக்கு வந்தனர். பள்ளிவாசல், மதரசா, கல்லூரி ஆகியவற்றின் கட்டடங்களில் வளைகுடாவில் சிந்திய வியர்வை கலந்துள்ளது. நாம் குறைகூறுவது அவ்வுழைப்பை அன்று.

ஆனால் வளைகுடா நாடுகள் குடியேறுவதற்கு உரியவையாக அமைக்கப்படவில்லை என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். அங்கே எத்தனை ஆண்டு உழைத்தாலும் பொதுவாகக் குடியுரிமை கிடைப்பதில்லை. கஃபாலா என்னும் முறையில் தொழிலாளியின் இருப்பு, வேலையளிக்கும் பொறுப்பாளராகிய கபீலைச் சார்ந்தே அமைந்தது. அவர் இசையாமல் வேலை மாற இயலாது. சில நாடுகளில் ஊர் திரும்பவும் இயலாது. இதில் மாற்றங்கள் வந்துள்ளன. முதலாளியின் இசைவின்றியே வேலை மாறக் கத்தார் 2020-இல் வழிசெய்தது. சவூதி அரேபியா 2021-இல் தனியார் துறைத் தொழிலாளர்க்குச் சில சலுகைகளை அளித்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2019 முதல் நெடுங்கால விசா வழங்குகிறது. ஆனால் அது முதலீட்டாளர்க்கும் உயர்தகுதியாளர்க்கும் உரியது, ஓவர்லாக் தைப்பவர்க்கு அன்று.

குடும்பத்தை உடன் அழைத்துச் செல்வதே இங்கு முதன்மையான வினா. குறிப்பிட்ட ஊதியம் பெறுவோர்க்கே குடும்ப விசா கிட்டும். சவூதி அரேபியா 2017 ஜூலையில் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் திங்கள்தோறும் 100 ரியால் என வரி விதித்து, ஆண்டுதோறும் உயர்த்தி 2020-இல் 400 ரியால் ஆக்கியது. மனைவியும் மூன்று மக்களும் உடையவர் திங்களுக்கு 1,600 ரியால் செலுத்தவேண்டும். அங்கு ஒரு கடையில் நிற்பவரின் ஊதியமே அவ்வளவுதான் இருக்கும். அதனால் குடும்பங்கள் ஊர் திரும்பின. ஆடவர் அங்கேயே தங்கினர். தொல்காப்பியர் வழக்காகக் கண்டது இன்று வரிவிதிப்பாக வந்து நிற்கிறது.

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது இந்தியர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்மான் வழியாக வானூர்தியில் மீட்கப்பட்டனர். வங்கிச் சேமிப்பை அப்படியே விட்டு, கைப்பையோடு வந்திறங்கியோர் பலர். 2024 ஜூன் 12-ஆம் நாள் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் 45 இந்தியர் மாண்டனர். அவர்களுள் தமிழர் எழுவர். இவற்றைச் சொல்வது அச்சுறுத்துதற்கு அன்று. ஊதியம் எவ்வளவு என்று கேட்பவர், படுக்கும் இடம் எத்தகையது என்றும் கேட்க வேண்டும்.

தொழில் இழுத்துச் செல்லும் நாடுகள்

திருப்பூர் வட்டாரத்துக்கே உரிய மற்றொரு புலம்பெயர்வு உண்டு. அதனைப் பற்றி எழுதுவோர் குறைவு. இங்கே கட்டிங் மாஸ்டராகவும், பிளாட்லாக் டைலராகவும், சாயப்பட்டறை மேற்பார்வையாளராகவும் கைதேர்ந்தோர், ஆயத்த ஆடைத் தொழில் புதிதாகத் தோன்றும் நாடுகளுக்கு அழைக்கப்படுகின்றனர். ஜோர்தான், மொரீசியஸ், வங்காளதேசம், எத்தியோப்பியா, கென்யா என்னும் பெயர்களை நம்மூர்த் தேநீர்க் கடைகளிலேயே கேட்கலாம்.

இந்நாடுகளைத் தேர்வோர் நாட்டின் வளத்தைக் காட்டிலும் சுங்கவரியையே பார்க்க வேண்டியவர் ஆவர். ஓர் ஆடை எங்கே தைக்கப்படுகிறது என்பதை ஊசியும் நூலும் முடிவு செய்வதில்லை. 1974 முதல் 2004 இறுதிவரை பன்னாட்டு இழை உடன்பாடும் அதன் தொடர்ச்சியும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கீட்டு அளவை வகுத்தன. அவை முடிந்ததும் தொழிற்சாலைகள் நாடு மாறின. ஜோர்தான் அமெரிக்காவோடு செய்துகொண்ட தடையில்லா வணிக உடன்பாடு 2001-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கு ஆடைத்தொழில் பெருகியது. அத்தொழிலாளரிற் பெரும்பகுதியினர் தெற்காசியாவிலிருந்து சென்றோரே.

எத்தியோப்பியாவின் நிகழ்ச்சியை மாணவர் கருத்தூன்றிக் காணவேண்டும். 2016-இல் அவாசா நகரில் பெருந்தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்கு வழங்கிய வரிவிலக்கை நம்பி நிறுவனங்கள் வந்தன. தீக்ரே உள்நாட்டுப் போரில் நிகழ்ந்த மனித உரிமை மீறல்களைக் காரணங்காட்டி அவ்வரிவிலக்கை 2022 சனவரி 1 முதல் அமெரிக்கா நீக்கியது. அச்சலுகையை நம்பிய தறிகளின் ஓசை அடங்கலாயிற்று. நபித்தோழர்க்குப் புகலளித்த அதே அபிசீனிய மண் அது. நாடு என்பது என்றைக்கும் ஒருபடித்தாய் இருப்பதன்று.

வெளிநாடு செல்லாமல் இங்கேயே இருப்போரையும் இதே கைதான் தொடுகிறது என்பதை 2025-இல் கண்டோம். அவ்வாண்டு ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காட்டு வரி விதித்தபோது, நம் ஊர்க் கம்பெனிகள் பலவற்றில் ஆர்டர் நின்றது, ஷிப்ட் குறைந்தது. "ஊரிலேயே இருந்தால் நிலையானது" என்று மாணவர்க்கு நாம் சொல்லிவந்த அறிவுரையும் அன்று சற்றுத் தளர்ந்தது.

மேலைநாடுகள்

பட்டம் பெற்றோர் நோக்கும் திசை இது. கனடா 1967-இல் புள்ளிமுறையைக் கொண்டுவந்து, இனம் பாராமல் கல்வியும் மொழியறிவும் பார்த்துக் குடியேற வழிவகுத்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் ஈழத்தமிழர் அங்குப் பெருந்தொகையாய்க் குடியேறி வேர்கொண்டனர். ஆயினும் அவ்வாயிலும் அகலமாகவே இருக்கும் என்று எண்ண இயலாது. 2024 சனவரியில் அந்நாடு அயல்நாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் நிரந்தரக் குடியேற்ற இலக்கையும் குறைத்தது. நிலத்தை விற்று மகனைக் கனடாவுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் இதனை அறிந்தே முடிவு செய்தல் வேண்டும். அமெரிக்காவில் வேலைவழி நிரந்தரக் குடியிருப்புக்கு எந்த ஒரு நாட்டவர்க்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்னும் வரம்பு இருத்தலால், இந்தியர் பல்லாண்டு வரிசையில் நிற்கின்றனர். ஜெர்மனி 2024 ஜூன் முதல் ஐந்தாண்டு வாழ்ந்தோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி செய்துள்ளது. ஆனால் ஜெர்மன் மொழி கற்றாக வேண்டும். மொழி கற்க அஞ்சுவோர்க்கு அந்நாடு உரியதன்று. தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு அது அத்துணை அச்சம் தாராது என்பது நம் நம்பிக்கை.

இங்கு ஒன்று கூறுதல் வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை நீங்குகிறது. அயல்நாட்டு இந்தியக் குடிமகன் என்னும் அட்டையைப் பெற்றுக்கொள்ளலாம். அதனால் வாக்களிக்க இயலாது. வேளாண் நிலம் வாங்கவும் இயலாது. கொங்கு நாட்டில் தோட்டம் வாங்கி முதுமையைக் கழிப்பேன் என்னும் கனவோடு செல்வோர் இச்செய்தியை முதலிலேயே அறிந்திருத்தல் நலம்.

வந்தோரை வாழவைக்கும் ஊர்

திருப்பூரே புலம்பெயர்ந்தோரால் ஆன ஊர். கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரங்களைக் கொண்டுவந்து இவ்வூரில் பனியன் தொழிலைத் தொடங்கியோருள் குலாம் காதர் முன்னோடி எனத் திருப்பூர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஏற்றுமதி பெருகியபின் மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சைப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். பின்னர்ப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, மேற்கு வங்கம், அசாம் என வடக்கும் கிழக்கும் வந்து சேர்ந்தன.

ஆகவே ஒரு நாட்டைத் தேர்வதற்குரிய கேள்விகளை அறிய நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. பவர் டேபிளில் அமர்ந்து தைக்கும் ஒடிசா இளைஞரிடம் கேட்டால் போதும். வாடகைக்கு வீடு தருகிறார்களா? மருத்துவமனையில் நம் மொழியில் நோயைச் சொல்ல முடிகிறதா? பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கிறார்களா? கூலி பாக்கி நின்றால் யாரிடம் முறையிடுவது? 2020 ஊரடங்கின்போது இவ்வினாக்களுக்கு நாம் அளித்த விடைகளை இரயில் நிலையத்தில் கண்டோம். உணவுப் பொட்டலம் கொடுத்தோர் இருந்தனர். வாடகை கேட்டு வெளியேற்றினோரும் இருந்தனர். 2023 தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, காவல்துறை அவற்றை மறுத்துரைத்த பின்னும் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பொய்தான், ஆயின் அதனை நம்பும் அளவிற்கு அவர்கள் நம்மிடம் அந்நியராகவே இருந்தனர் என்பது மெய்.

நம் வகுப்பில் இதனைப் பேசியபோது மாணவர் ஒருவர், "நாம் போகும் நாட்டில் நம்மை 'இந்திக்காரன்' என்று கூப்பிடுவது போலத்தானே ஐயா கூப்பிடுவார்கள்?" என்றார். வகுப்பு சிரித்தது. பின்னர் அமைதியாயிற்று.

செல்வோர் கவனிக்க

செல்வது உறுதி என்றானபின் நாட்டைப் பற்றி மட்டுமன்றி வழியைப் பற்றியும் எண்ணவேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்க்குக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குச் செல்லக் குடியேற்றச் சோதனை இசைவு தேவை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றே அத்தடையை நீக்கும். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற முகவரா என்பதை அரசின் 'இ-மைகிரேட்' இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். முகவர் கேட்கும் தொகைக்கு விதிப்படி வரம்பு உண்டு. ஈராண்டு உழைப்பை முன்கூட்டியே அடகு வைத்துச் செல்வோர் பலர் அவ்வரம்பை அறியாதோரே. 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் செல்லலாம். சுற்றுலா விசாவில் சென்று வேலை தேடிக்கொள்ளலாம் என்று சொல்பவர் உறவினரே ஆயினும் நம்ப வேண்டா.

முன்னர்க் குறித்த மாணவி அண்மையில் துறைக்கு வந்தார். தந்தை இவ்வாண்டோடு திரும்பிவிட எண்ணுகிறாராம். இப்போது தம்பிக்கு ஜோர்தானில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்த அத்தாளை அவர் கொண்டுவந்திருந்தார். அரபித்துறைப் பேராசிரியரையும் அழைத்து, மேசைமேல் விரித்து, வரிவரியாகப் படித்தோம். தங்குமிடம் பற்றிய வரி இருந்தது; மிகைநேர ஊதியம் பற்றியும் இருந்தது; திரும்பிவரும் பயணச்சீட்டை யார் எடுப்பது என்பது இல்லை. அதனைக் கேட்டு எழுதி வாங்குமாறு சொல்லியனுப்பியுள்ளோம். இத்தகைய தாள்கள் கைக்கு வந்தோர் எவராயினும், நம் கல்லூரி மாணவர் அல்லராயினும், கையொப்பமிடுமுன் துறைக்குக் கொண்டுவரலாம். வேலை நாள்களில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் இருப்போம்.